ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்

மாற்றல் உத்தரவு 2024 பிப்ரவரியில் வந்தது. ஜூன் 3ஆம் தேதி திங்கட்கிழமை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் சேர வேண்டும். பதவியில் ஒரு படி மேலே, சம்பளமும் கூடும். மதுரைக் கிளையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஆறு மாதமாகவே ஓடிக்கொண்டிருந்ததால், வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை.

வீட்டில் ஐந்து பேர். நான், அவர், எட்டாம் வகுப்புக்குப் போகிற மகள், ஒன்றாம் வகுப்புக்குப் போகிற மகன், அப்புறம் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். அப்போது 68 வயது. மதுரை வில்லாபுரத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து அதே தெரு, அதே குழாயடி, அதே பால்காரர் வீடு. அவருக்கு வெளியூர் என்றால் அழகர்கோயில்தான்.

நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். எதையும் எக்ஸெலில் போட்டால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். மூன்று இடங்களை வரிசையாகப் போட்டேன்: பெங்களூருக்குள் அல்சூர், எலக்ட்ரானிக் சிட்டி; எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஓசூர். வாடகை, அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம், ஆபீஸுக்கு எத்தனை கிலோமீட்டர், தண்ணீர், ஆஸ்பத்திரி என்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் எலக்ட்ரானிக் சிட்டி ஒன்பது மதிப்பெண் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அவர் சாப்பிட்ட கையோடு எட்டிப் பார்த்தார். "நீ ஆபீஸ் போற தூரத்துக்கு ஒரு பத்தி இருக்கு. நான் எந்த வேலைக்குப் போவேன்னு ஒரு பத்தியும் இல்லையே?" என்றார். கோபமாக இல்லை; விடைத்தாளில் ஒரு பையன் கேள்வி எண் போட மறந்ததைச் சொல்வது மாதிரி. அவர் தமிழாசிரியர். 14 வருஷமாக ஒரே தனியார் பள்ளி. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

எங்கள் அப்பா மின்வாரியத்தில் இருந்தார். மேலூர், அருப்புக்கோட்டை, கம்பம் என்று மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வந்து நிற்கும். அம்மா ஆட்டுக்கல்லை ஏற்றியாகிவிட்டதா என்று மட்டும் பார்ப்பார். எந்த ஊர், எந்தத் தெரு, அங்கே தண்ணி எப்படி என்று அம்மாவிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் முறை வந்தபோது மட்டும் ஊரே கேட்டது. "வீட்டுக்காரர் வேலை என்னாகும்?" "அந்தம்மாவை இந்த வயசுல எங்க கூட்டிட்டுப் போவ?" கேள்வியில் தப்பில்லை. எங்கள் அப்பாவிடமும் ஒருத்தராவது கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. கேட்கிறவர்கள் மேல் எரிச்சல் ஒரு பக்கம். அவர்கள் சொல்வது உள்ளே போய் உட்கார்ந்துகொள்வது இன்னொரு பக்கம். என்னால்தானே எல்லோரும் கிளம்ப வேண்டியிருக்கிறது என்ற அந்த நினைப்புதான், இப்போது யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தது.

முதலில் அல்சூர். பெரியம்மா மகன் அங்கே 22 வருஷமாக இருக்கிறார். "இங்க வாங்க, மதுரையில இருக்கிற மாதிரியே இருக்கலாம்" என்றார். பொய் இல்லை. சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றின சந்துகளில் பூக்கடை, மளிகைக்கடை, சலூன் எல்லாவற்றிலும் தமிழ்தான் காதில் விழுகிறது. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம். அத்தைக்கு அங்கே பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருந்திருக்காது. வீடு மட்டும் இருட்டு. பகலிலும் லைட் போட வேண்டும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு 20 கிலோமீட்டர், நடுவில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு. ஒரு திங்கட்கிழமை அண்ணனோடு காரில் போய்ப் பார்த்தோம். எட்டு மணிக்குக் கிளம்பி 9.50க்குப் போய்ச் சேர்ந்தோம். சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது அண்ணன் சாவகாசமாக டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட ஆரம்பித்தார். அவருக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழக வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்து எலக்ட்ரானிக் சிட்டி. அபார்ட்மென்ட், ஒன்பதாவது மாடி, இரண்டு படுக்கையறை. வாடகை 26,000, மெயின்டனன்ஸ் 3,500. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இந்த வீட்டு ஓனர் பெரிய மனசு பண்ணி ஆறு மாதம் என்றார். இல்லாவிட்டால் லீஸ்: 15 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வாடகையே கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்பி வரும். நம்ம ஊர் ஒத்திதான் அது. அத்தைக்கு ஒத்தி நன்றாகத் தெரியும். "எங்க அக்கா மகளுக்கு ஒத்திப் பணம் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டாவது பிள்ளை பிறந்துருச்சு" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நாங்கள் வீடு பார்த்தது 2024 மார்ச், ஏப்ரலில். பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த நேரம். டேங்கர் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயித்திருந்தது. குடிநீரில் காரைக் கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம். அந்த அபார்ட்மென்ட் வாசலில் நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் நான்கு டேங்கர்கள் உள்ளே போயின. வாட்ச்மேன் கிருஷ்ணகிரிக்காரர். போர் வற்றிப்போய் இரண்டு மாதம் ஆகிறது என்றார். காவிரி எப்போது வரும் என்று கேட்டேன். ஐந்தாம் கட்டத் திட்டம் வருகிறது என்று சொல்லிவிட்டு, கையை மேலே தூக்கிக் காட்டினார். அந்தத் திட்டம் நகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்காக அந்த வருஷம் அக்டோபரில் தொடங்கத்தான் செய்தது. ஏப்ரலில் எங்களிடம் இருந்ததென்னவோ வாட்ச்மேனின் கை மட்டும்தான்.

வீட்டு ஓனர் போனில் பேசினார். "அஞ்சு பேரா? ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கா?" தண்ணீர்ச் செலவை அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பது எனக்குக் கேட்டது. அடுத்தது, "நீங்க வெஜ்ஜா?"

அத்தை இதற்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தார். "வாசல் எங்கத்தா?" என்றார். கதவைக் காட்டினேன். வெளியே எதிர்வீட்டு முகப்பில் பிளாஸ்டிக் கோலம் ஒட்டியிருந்தது. குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "கோலத்தைக் கடையில வாங்கி ஒட்டிருக்காக" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். குறை சொல்கிற குரல் இல்லை. ஆச்சரியம்தான்.

பக்கத்துப் பள்ளியில் விசாரித்தோம். கர்நாடகத்தில் 2015இல் கன்னட மொழி கற்றல் சட்டம் வந்தபிறகு எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் கன்னடம் உண்டு. எட்டாம் வகுப்பில் வெளிமாநிலத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு விலக்கு கேட்டுப் பார்க்கலாம், சின்னவன் படித்துத்தான் ஆகவேண்டும் என்றார் அலுவலகத்துப் பெண். எங்கள் சொந்தக்காரர்கள் இதைப் பெரிய ஆபத்து மாதிரி பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு வயதுப் பையன் ஆறு மாதத்தில் கன்னடம் பேசிவிடுவான். ஒரு ஊரில் போய்ச் சம்பாதிக்கிறவர்கள் அந்த ஊர் மொழியைப் பிள்ளை படித்தால் வலிக்கிறது என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

எனக்கு வலித்தது வேறு. அவர் அந்தப் பெண்ணிடம், "தமிழ் டீச்சர் வேலை ஏதும் இருக்குமா?" என்று கேட்டார். "இந்தி, சான்ஸ்கிரிட், பிரெஞ்சு இருக்கு சார்" என்று மரியாதையாகச் சொன்னார் அந்தப் பெண். அவர் சிரித்தபடியே வெளியே வந்தார். காரில் ஏறியபிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஓசூருக்கு முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து 35 நிமிடம். ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி, எல்லை, அதைத் தாண்டியதும் தமிழ்நாட்டுப் பக்கம் ஜூஜூவாடி, சிப்காட் தொழிற்பேட்டை, ஓசூர். "இவ்வளவுதானா!" என்றேன். வீடு தேடுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே உருப்படியான யோசனை இதுதான்: தூரத்தை ஞாயிற்றுக்கிழமை அளக்காதீர்கள். அடுத்த திங்கட்கிழமை காலை 7.15க்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும்போது 8.35. சந்தாபுராவில் மட்டும் 25 நிமிடம். ஆக, போக வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல், எல்லாம் நல்லபடியாக இருந்தால்.

தெரிந்துதான் ஓசூர் என்றேன். அவருக்கு வேலை கிடைக்கும் ஊர் அதுதான். அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓசூரைப் பற்றி நான் நினைத்துக்கொண்டு போனதெல்லாம் தப்பு.

எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் தமிழ் ஊர் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் வீடு காட்ட வந்தவர் எங்களிடம் தமிழில் பேசினார், போனில் தெலுங்கில் பேசினார், எதிரே வந்த ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் திட்டினார். எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரர் குடும்பத்தில் பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ். கீரைக்காரம்மா கன்னடம். பின்தெருவில் உருது. ஒரு காலத்தில் சேலம் மாவட்டம், 1965இலிருந்து தருமபுரி, 2004இலிருந்து கிருஷ்ணகிரி என்று மாவட்டங்கள்தான் மாறினவே தவிர, இந்தக் கலவை அப்படியேதான் இருந்திருக்கிறது. 1970களில் சிப்காட் வந்ததும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒவ்வொன்றாக வர, திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அத்தை முதல் வாரம் முழுக்கத் தெருவைப் பார்த்துவிட்டு, "இங்க தமிழ் பேசறதே வந்தேறின ஆளுக மாதிரி நாமதான்போல" என்றார்.

அவருடைய வேலைக்கு வழி செய்ததும் அதே கலவைதான். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். தெலுங்கும் கன்னடமும் உருதும் தாய்மொழியான பிள்ளைகள் நிறைந்த ஊரில் அது எவ்வளவு சிக்கல் என்று மதுரையில் இருந்தவரை எனக்குத் தெரியாது. மொழிச் சிறுபான்மையினர் விலக்கு கேட்டதும் போராடியதும் இந்தப் பக்கத்தில்தான் அதிகம். தமிழை வீட்டில் பேசாத பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆளைப் பள்ளிகள் தேடிக்கொண்டிருந்தன. மே மாதக் கடைசியில் இவருக்கு வேலை கிடைத்தது. மதுரையில் வாங்கியதைவிட 2,000 குறைவு. ஆனால் ஒரு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னார்: "மதுரையில பதினாலு வருஷமா தமிழ் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு மனப்பாடப் பாட்டு ஒப்பிக்க வச்சிருக்கேன். இங்கதான் தமிழே சொல்லிக்கொடுக்கிறேன்." அவர் முகத்தில் அப்படியொரு தெளிச்சியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

வீடு கிடைத்த கதை சுருக்கம். பாகலூர் சாலைப் பக்கம், தனி வீட்டின் கீழ்த்தளம், வாடகை 13,000. இதற்கு முன்னால் பார்த்த இரண்டு வீடுகளில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் "வெஜ்ஜா?" என்று கேட்டதும் இதுதான், அங்கே கொஞ்சம் இஸ்திரி போட்டுக் கேட்டார்கள், அவ்வளவே. இரண்டு வீட்டிலும் பதில் சொல்லாமல் வந்துவிட்டோம். மூன்றாவது வீட்டுக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை, அட்வான்ஸைத் தவிர. ஒரு லட்சம் என்றார். 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதானே என்று இவர் ஆரம்பித்தார். "சட்டம் எனக்கும் தெரியும் சார், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா கூடவும் வாங்கலாம்னு அதிலேயே இருக்கு" என்றார் அவர். இருக்கத்தான் செய்கிறது. ஐந்து மாத வாடகை, 65,000த்தில் முடிந்தது. பதினோரு மாத அக்ரிமென்ட்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, உப்புத் தண்ணிக்கு போர் இருக்கிறது என்றார். அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதுதான் காரணம். வீட்டுக்காரரின் அண்ணன் சிரித்தால் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. அவர் தலைமுறையில் நிறையப் பேருக்கு அப்படி. அவருடைய பேரன் பேத்திகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. ஒரு திட்டம் வேலை செய்ததற்கு இதைவிடக் கிட்டத்தில் சாட்சி நான் பார்த்ததில்லை.

ஓசூர்த் தண்ணீர்க் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. தென்பெண்ணை ஆறு பெங்களூரின் கழிவை இழுத்துக்கொண்டு வந்து இங்கே சேர்கிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை மலைமாதிரிப் பொங்கும். பையனைக் கூட்டிப்போய்க் காட்டினோம். "பனியாப்பா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. பெங்களூரில் குழாயில் வருவதும் காவிரி, எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரி. நுரை மட்டும் எங்களுக்கு இனாம்.

காவிரி என்றதும் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அந்தப் பயமும் எங்கள் கணக்கில் இருந்தது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததை டி.வி.யில் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம். 2023 செப்டம்பரிலும் பந்த் நடந்தது. பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றுவிட, ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள். அல்சூர் அண்ணன் 2016ஐப் பற்றிச் சொல்லும்போது, அந்த ராத்திரி தன் வண்டியைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்தான் அவர் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டுபோய்ப் பூட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்வார். எங்கள் உறவில் அந்தப் பாதியை யாரும் திருப்பிச் சொல்லிக் கேட்டதில்லை. நான் அங்கே வேலை பார்க்கிற இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் முகம் சுளித்ததில்லை. கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி", அதாவது முன்னால் போங்க என்று விரட்டுவார். அது எல்லோரையும்தான்.

எல்லையில் குடியிருந்தால் சில வேடிக்கைகள் உண்டு. எங்கள் ஸ்கூட்டர் டி.என். 59. கர்நாடகத்தில் குடியேறியிருந்தால் 12 மாதத்துக்குப் பிறகு அதை அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். இங்கே அப்படியே ஓடுகிறது. பெண்களுக்கு இலவசப் பஸ் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. ஜூஜூவாடி வரை டவுன் பஸ்ஸில் போனால் நான் தமிழ்நாட்டுப் பெண், காசு வேண்டாம். அதைத் தாண்டினால் கர்நாடக முகவரி காட்ட வேண்டும். என் ஆதாரில் இன்னும் வில்லாபுரம். ஆகவே அந்தப் பக்கம் காசு கொடுக்கிற பெண். ஆபீஸ் வண்டியும் அத்திப்பள்ளியோடு சரி. எல்லை தாண்டினால் பர்மிட் பிரச்சினை என்று டிரைவர் கைவிரித்துவிட்டார்.

குளிரைப் பற்றி யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அடிப்பது மதுரைக்காரர்கள் தாங்கும் குளிர் இல்லை. அத்தை ராத்திரி தயிருக்கு உறை ஊற்றி வைத்தார். காலையில் பால் பாலாகவே இருந்தது. மறுநாள் உறையைக் கூட்டினார். இல்லை. மாவு அதைவிட மோசம். ராத்திரி அரைத்து வைத்தது காலையில் பொங்காமல் அப்படியே கல்லாட்டம். "இந்த ஊர்ல மாவுக்குக்கூட மனசில்லை" என்று அன்றைக்கு ஒரே அழுகை. அழுதது மாவுக்காக இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரரின் மனைவி வந்து, தயிர்ப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைக்கச் சொன்னார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ், மீதிக் கையசைவு. மாவுப் பாத்திரம் கேஸ் அடுப்புப் பக்கத்தில், மேலே ஒரு பழைய சால்வை. மூன்றாம் நாள் இட்லி பூவாக வந்தது. அதன்பிறகு அந்த இரண்டு பேரும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதை நான் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு முழுசாகப் புரிவதாக எனக்குத் தோன்றவில்லை. பேச்சு மட்டும் நிற்பதில்லை.

இதெல்லாம் நல்லபடியாகப் போனது போலத்தான் இருக்கிறது, இல்லையா? 2024 நவம்பரைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஒரு நாள் மழை. சந்தாபுராவில் ஒரு லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வரும்போது மணி 9.40. பையன் தூங்கிவிட்டான். பக்கத்தில் டைரி, அம்மா கையெழுத்துக்காகத் திறந்தபடி, மேலே பேனாவை வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். அப்பாவிடம் வாங்கியிருக்கலாம், அம்மாதான் போட வேண்டுமாம். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. அடுப்படியில் நின்று கத்தினேன். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது, அவருக்கு வேலை, அத்தைக்குத் திண்ணை, பிள்ளைகளுக்குப் பழைய பாடத்திட்டம், எனக்கு மட்டும் ரோடு என்றேன். "உங்க எல்லாருக்காகவும்தானே இதெல்லாம்!"

அவர் பேசாமல் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். மகள்தான் உள்ளேயிருந்து வந்தாள். "அம்மா, எனக்காகன்னு சொல்லாதீங்க. எனக்கு அந்த அபார்ட்மென்ட்தான் பிடிச்சிருந்துச்சு. அங்க ஷட்டில் கோர்ட் இருந்துச்சு. என்கிட்ட நீங்க கேக்கவே இல்லை."

கேட்கவில்லைதான். ஆட்டுக்கல்லோடு லாரியில் ஏறின அம்மாவுக்காகப் பரிந்து பேசுகிற நான், எக்ஸெலில் அவர் வேலைக்குப் பத்தி போடாததற்குக் குற்ற உணர்ச்சிப்பட்ட நான், 13 வயதுப் பெண்ணுக்கு ஒரு பத்தி போடவில்லை. போட்டிருந்தாலும் 'பள்ளி' என்றுதான் தலைப்பு வைத்திருப்பேன். 'ஷட்டில்' என்று வைத்திருக்க மாட்டேன். அப்புறம், யாரும் கேட்காமல் என் நேரத்தில் இரண்டரை மணியை நானே வெட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு எல்லோரும் நன்றியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததும் அந்த ராத்திரிதான் எனக்கே தெரிந்தது. வேலை மாற்றலில் குடும்பத்தைக் கூட்டிவந்த ஆண்கள் எங்கள் ஆபீஸில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லோர் வீடும் ஆபீஸிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள். ஒருத்தரும் இதற்காகக் குற்ற உணர்ச்சியில் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் கொஞ்சம் அவர்கள் மாதிரி இருந்திருக்கலாம்.

ஆபீஸில் பேசி வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று வாங்கினேன். மகளை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு ஷட்டில் கோர்ட்டில் சேர்த்தோம். இவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மெட்ரோ மஞ்சள் தடம் திறந்தார்கள், ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர். எனக்கு அதில் பெரிய லாபம் இல்லை. ஓசூரிலிருந்து போனால் பொம்மசந்திராவுக்கு முன்னால்தானே சந்தாபுரா. ஆரம்பத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி வேறு. அதை ஓசூர் வரை நீட்டுவார்கள் என்ற பேச்சு நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. இன்னும் பேச்சாகவே இருக்கிறது. பழைய புரோக்கர் மட்டும் வாட்ஸ்அப்பில், நாங்கள் வேண்டாம் என்ற அதே ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வாடகை 4,000 ஏறிவிட்டது என்று செய்தி அனுப்பினார். எதற்கு அனுப்பினார் என்று தெரியவில்லை. இவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நல்ல மூடில் இருந்தார்.

2026 பிப்ரவரியில் இரண்டாவது பதினோரு மாதம் முடிந்தது. வீட்டுக்காரர் ஸ்டாம்ப் பேப்பரோடு வந்து ஹாலில் உட்கார்ந்தார். வாடகை 14,500. அதில் பெரிய பேச்சு இல்லை. "எத்தனை மாசம் போடட்டும்?" என்றார். இந்தத் தடவை நான் மகளைக் கூப்பிட்டேன். ஜூனில் பத்தாம் வகுப்பு.

"எனக்கு அடுத்த வருஷம் ஏப்ரல் வரைக்கும் வேணும் அங்கிள். பப்ளிக் எக்ஸாம் முடியணும். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினாலு மாசம் வருதேம்மா. வருஷத்தைத் தாண்டினா ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகணும்."

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ரெண்டு பதினொண்ணாப் போட்டு வைக்கச் சொல்லுத்தா. பெட்டி கட்ட எனக்குத் தெம்பில்லை."